சாராயக்கடை கிட்ட வந்தால் பிள்ளை குடிக்கத் தொடங்குவானா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடிப் பக்கம் உங்கள் ஊர்ச் சந்தியில் புதிதாக ஒரு மதுபானக் கடை வரப்போகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் போய்வருகிற பாதை அது. மகனுக்குப் பதினைந்து வயது, அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. ஊரில் மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். உங்கள் கணவரோ, "குடிக்கிறவன் எங்க போயும் குடிப்பான், வளர்ப்பு சரியெண்டா கடை வாசல்ல இருந்தாலும் ஒண்டும் நடக்காது" என்கிறார். கடை பக்கத்தில் இருப்பதற்கும் வளரிளம் பிள்ளைகள் குடிப்பதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது: கையெழுத்து வைப்பதால் ஏதாவது பிரயோசனம் உண்டா? கடை வந்தேவிட்டால் மகன் விஷயத்தில் என்ன செய்யலாம்? மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் சமுதாய மருத்துவம் படித்தவன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நீண்டகாலம் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் குடியால் குலைந்த குடும்பங்களோடு நிறையப் பழகக் கிடைத்தது. என் சுருக்கமான பதில்: சம்பந்தம் உண்டு. ஆனால் ஊரில் எல்லோரும் நினைக்கிற வழியில் அல்ல. பதினைந்து வயதுப் பையன் தானே கடைக்குள் போய்க் காசைக் கொடுத்து வாங்குவது குறைவு. கடைக்கும் அவனுக்கும் நடுவில் எப்போதும் இன்னொருவருடைய கை இருக்கும். கடை கிட்ட வரும்போது அந்தக் கைகள் கூடுகின்றன, அவற்றின் வேலையும் லேசாகிறது. ஆகவே எத்தனை மீற்றர் என்று அளப்பதோடு, யாருடைய கையால் வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சமூகத்தில் மது லேசாகவும் மலிவாகவும் கூடிய நேரத்துக்கும் கிடைத்தால், அந்தச் சமூகம் மொத்தமாகக் குடிக்கும் அளவு கூடும். இதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வாக்குவாதம் இல்லை. பின்லாந்தில் 1969 வரை நடுத்தர வீரியமுள்ள பியரைக்கூட அரசின் மதுக்கடையில்தான் வாங்க வேண்டும், நாட்டுப்புறங்களில் அந்தக் கடைகளும் இல்லை. அந்த ஆண்டிலிருந்து புதிய சட்டப்படி அந்தப் பியரைப் பலசரக்குக் கடைகளில் விற்க விட்டார்கள். ஒரே வருடத்தில் நாட்டின் மொத்த மது நுகர்வு 46 வீதத்தால் ஏறியது. பின்லாந்துக்காரரின் வளர்ப்பு அந்த ஒரு வருடத்துக்குள் கெட்டுப்போயிருக்க முடியாது. மாறியது கிடைக்கும் இடம். "குடிக்கிறவன் எங்க போயும் குடிப்பான்" என்ற உங்கள் கணவரின் பேச்சு, ஏற்கனவே குடிக்கு அடிமைப்பட்டவரைப் பற்றியதென்றால் சரி. அவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்தும் வந்து வாங்குவார். எப்போதாவது குடிக்கிறவரும் இன்னும் தொடங்காதவரும் அப்படி இல்லை. அவர்களுக்குத் தூரமும் விலையும் கூச்சமும் உண்மையான தடைகள்.

இனி, முழுமையாக உறுதி சொல்ல முடியாத பகுதி. ஒரு கடைக்கும் ஒரு பிள்ளைக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. கலிபோர்னியாவில் 12 முதல் 17 வயது வரையான பிள்ளைகளைப் பற்றி 2009 இல் வந்த ஓர் ஆய்வு, வீட்டிலிருந்து அரை மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 800 மீற்றருக்குள், மதுக்கடை உள்ள பிள்ளைகளிடம் ஒரே இருப்பில் அளவு மீறிக் குடிப்பதும் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதும் அதிகம் என்று கண்டது. அதே மாநிலத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2010 இல் வந்தது. அதில் கடைகள் நெருக்கமான பகுதிகளில் தொடக்கத்திலேயே குடி கூடுதலாக இருந்தது. ஆனால் காலம் போகப்போகக் கடை குறைந்த பகுதிப் பிள்ளைகளிடம் குடி வேகமாக வளர்ந்தது. நண்பனிடம் கார் இருந்த பிள்ளைக்குக் கடையின் தூரம் அவ்வளவு பொருட்டாக இருக்கவில்லை. மினசோட்டா மாநிலத்தின் புறநகர்க் குடியிருப்புகளில் செய்த ஓர் ஆய்விலோ, கடையின் நெருக்கத்துக்கும் பிள்ளைகளின் குடிக்கும் தொடர்பே தெரியவில்லை.

இந்த முடிவுகள் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை? ஒரு காரணம், கடை வானத்திலிருந்து விழுவதில்லை. வாங்க ஆள் இருக்கும் இடம் பார்த்துத்தான் முதலாளி கடை போடுகிறார். நான் சொன்ன 2009 ஆய்விலேயே வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளைச் சுற்றித்தான் அனுமதிப்பத்திரங்கள் கூடுதலாக இருந்தன. ஆகவே கடையால் குடி வந்ததா, குடியால் கடை வந்ததா, இரண்டையும் ஏழ்மை இழுத்துவந்ததா என்று பிரித்தெடுப்பது கடினம். எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்க்கிறபோது, கடை நெருக்கம் பிள்ளைகளின் குடியைக் கூட்டும் திசையில்தான் தள்ளுகிறது என்பது என் மதிப்பீடு. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். "நானூறு மீற்றரில் கடை வந்தால் இத்தனை பிள்ளைகள் குடிப்பார்கள்" என்று யாராவது உங்களுக்குக் கணக்குச் சொன்னால் நம்பவேண்டாம்.

நம் பகுதிக்கு வரும்போது இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சுகாதார அமைச்சின் 2015 ஆம் ஆண்டு தொற்றா நோய்க் காரணிகள் பற்றிய ஆய்வின்படி, இலங்கையில் வளர்ந்த ஆண்களில் ஏறத்தாழ 35 வீதமானோர் முந்திய 30 நாட்களுக்குள் குடித்திருந்தார்கள். பெண்களில் ஒரு வீதம்கூட இல்லை. உங்கள் மகனுக்கு ஒரு தங்கச்சி இருந்தால், அவளும் அந்தக் கடையிலிருந்து அதே தூரத்தில்தான் தூங்கி எழும்புகிறாள். அவள் குடிப்பாளோ என்று ஊரில் எவரும் பயப்படுவதில்லை. முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குள் மதுபானக் கடை கிடையாது. ஆனால் அங்கிருந்து மட்டக்களப்பு நகரம் ஐந்தாறு கிலோமீற்றர்தான், சைக்கிளில் போய்வரலாம். அப்படியிருந்தும் அங்குள்ள பெரும்பாலான பையன்கள் அந்த வழியில் போவதில்லை. தூரம் மட்டுமே தீர்மானிப்பதென்றால் இந்த இரண்டும் நடக்காது. கடையின் நெருக்கம் யாரில் வேலை செய்கிறதென்றால், "நீயும் ஒருநாள் குடிப்பாய்தானே" என்று வீடும் ஊரும் ஏற்கனவே எழுதிவைத்தவனில். நம் தமிழ் ஊர்களில் ஆண்பிள்ளைக்கு அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறோம். கலியாணவீட்டில் பந்தலுக்குப் பின்னால் இளந்தாரிகள் ஒதுங்குவதை எல்லோரும் காண்கிறோம், காணாததுபோல் பந்தி பரிமாறுகிறோம். பன்னிரண்டு வயதுப் பையன் ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்வருவான். அவன் கற்றுக்கொள்வதற்கு அதற்கு மேல் ஒரு பாடம் தேவையில்லை.

இனி அந்தக் கைகளைப் பற்றிச் சொல்கிறேன். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் மது விற்கக்கூடாது. நம் ஊர்க் கடைகள் பள்ளிக்கூட முகமுள்ள பையனுக்குப் பெரும்பாலும் நேரடியாகக் கொடுப்பதும் இல்லை. ஆனால் பரீட்சை முடிகிற நாளின் பின்நேரத்தில் வாவிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். கண்டல் மறைவில் நான்கைந்து சைக்கிள் சாய்ந்திருக்கும். ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு சேர்த்து, ஊரில் ஓட்டோ ஓடுகிற ஒரு அண்ணனிடமோ வெளிநாட்டால் லீவில் வந்து நிற்கிற ஒருவரிடமோ கொடுத்திருப்பார்கள். வாங்கிக்கொடுத்ததற்குக் கூலியாக அவருக்கும் ஒரு பங்கு. கடை பத்துக் கிலோமீற்றரில் இருந்தால் அந்த அண்ணன் "பிறகு பார்ப்பம் தம்பி" என்று சொல்லக்கூடும். சந்தியிலேயே இருந்தால் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரத்தில் வாங்கிவந்துவிடுவார். கடை கிட்ட வருவதால் என்ன கூடும் என்று கேட்டீர்களே, முதலில் கூடுவது இந்த அண்ணன்மாரின் தாராளம்தான்.

அந்தப் பையன்களின் கையில் இருப்பது பெரும்பாலும் பியர். "பியர்தானே, சாராயம் இல்லையே" என்பது அவர்களின் நம்பிக்கை. பெற்றோர் பலரின் நம்பிக்கையும் அதுதான். கணக்கைப் பாருங்கள். கடையில் ஸ்ட்ராங் என்று கேட்டு வாங்குவது 8.8 வீதம் மதுசாரம் உள்ளது. 625 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 55 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. கால்போத்தல் சாராயம், அதாவது 180 மில்லிலீற்றர், 33.5 வீத வீரியமுள்ளதென்றால் அதில் இருப்பது 60 மில்லிலீற்றர். ஒரு ஸ்ட்ராங் போத்தலை முடித்த பையன் ஏறத்தாழ ஒரு கால் சாராயம் அடித்திருக்கிறான், அதுவும் வெறும் வயிற்றில், நாற்பத்தைந்து கிலோ உடம்போடு. அதற்குப் பிறகு அவன் போவது கடலில் குளிக்க, அல்லது மூன்று பேராக ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற. பதினைந்து, பதினாறு வயதில் குடியால் உயிர் போவது ஈரல் கெட்டு அல்ல. தண்ணீரிலும் தெருவிலும்தான். இதை நான் அச்சமூட்ட எழுதவில்லை. பெற்றோர் எதிர்காலத்துக் குடிகாரனை நினைத்துப் பயப்படுகிறார்கள், அன்று பின்நேரத்து ஆபத்தை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது கை, வீட்டில் வைத்து விற்கிறவர். போயா தினங்களில், அதாவது பௌர்ணமி விடுமுறைகளில், மதுக்கடைகள் பூட்டு. ஆனால் எந்தப் போயா தினத்திலும் நம் ஊர்களில் சாராயம் கிடைக்காமல் போனதில்லை. முதல்நாளே கால்போத்தல்களாக வாங்கி அடுக்கிவைத்து, கூடிய விலைக்கு விற்கிற வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. கடை பூட்டிய பிறகும் இரவில் அந்த வீடு திறந்திருக்கும். வயதெல்லாம் அங்கே யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் பள்ளிப் பையன்கள் தாங்களே காசு கொடுத்து வாங்கிய இடம் என்று சொன்னது, அனுமதிபெற்ற கடையைவிட இந்த வீடுகளைத்தான். புதுக்கடை ஒன்று வந்தால் அதன் கதவு மட்டும் திறப்பதில்லை, அதை நம்பி இப்படிச் சில அடுப்படிக் கதவுகளும் திறக்கும். மகஜர் எழுதுபவர்கள் கடைவாசலை மட்டும் பார்க்கிறார்கள். இந்தப் பின்கதவுகளைப் பற்றியும் பேசுங்கள்.

மூன்றாவது கை, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, அப்பாவுடையது. மகனைச் சைக்கிளில் அனுப்பி அந்த வீட்டில் ஒரு கால் வாங்கிவரச் சொல்கிற அப்பாமார் இருக்கிறார்கள். படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி அவனுடைய ஆசிரியை என்னிடம் சொன்னார். புத்தகப் பையில் வெறும் சோடாப் போத்தல் ஒன்றை எந்நாளும் கொண்டுவருகிறான் என்று பார்த்தால், பள்ளி விட்டுப் போகும் வழியில் அப்பாவுக்குக் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், ஊற்றிக்கொண்டு போவதற்காம். பையன் அதுவரை ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. ஆனால் யார் வீட்டில், எந்த நேரம், என்ன விலை, கடனுக்குத் தருவார்களா, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் தொடங்க நினைக்கிற நாளில் தடையென்று அவன் முன்னால் ஒன்றுமே இருக்காது.

கசிப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுக்கடைக்கு ஆதரவானவர்கள் சொல்கிற முதல் நியாயம், "பார் ஒண்டு வந்தா கசிப்பு ஒழியும்" என்பது. கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் வாவிக்கரையிலும் ஆற்றோரத்திலும் பரல் பரலாகக் கோடா, அதாவது கசிப்பு வடிக்கப் புளிக்கவைத்த ஊறல், பிடிபடுகிற செய்தியை அடிக்கடி வாசிக்கிறோம். அங்கே கசிப்பு இருப்பதற்குக் கடை தூரம் என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் விலை. வரியோடு சேர்த்து ஒரு போத்தல் சாராயத்தின் விலையைக் கூலிவேலை செய்கிறவரால் தாங்க முடியாது. சந்தியில் கடை திறந்தால் அந்த விலை ஒரு ரூபாவும் குறையப்போவதில்லை. கடை பக்கத்திலேயே இருக்கிற ஊர்களிலும் கசிப்பு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். சம்பளம் கிடைத்த கிழமை சாராயம், மற்றக் கிழமை கசிப்பு என்று இரண்டும் சேர்ந்தே ஓடும். கசிப்பை ஒழிக்க வேண்டுமென்றால் பொலிசும் மதுவரித் திணைக்களமும் கோடாவைத் தேடிப்போக வேண்டும். அதற்கு ஒரு கடை திறப்பது மாற்று அல்ல.

கடை கண்ணில் படுவதே பிள்ளையை மாற்றுமா என்று சிலர் கேட்பார்கள். தினமும் இரண்டு தடவை அந்தப் பக்கத்தால் போகிற பிள்ளைக்கு அது தபால்கந்தோரைப்போல ஒரு சாதாரண இடமாகிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் பார்வை ஒன்றே குடிக்க வைக்கிறது என்று சொல்ல எனக்குப் போதிய ஆதாரம் இல்லை. கடைவாசலில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கூடிய முக்கியம் என்று நினைக்கிறேன். அவன் மதிக்கிற கிரிக்கெட் அணித் தலைவன், கோயில் திருவிழாவில் முன்னுக்கு நிற்கிற அண்ணன், சித்தப்பா, இவர்களெல்லாம் அங்கே நின்று கையசைத்தால் அது விளம்பரத்தைவிடப் பெரிய வேலை செய்யும். மது விளம்பரத்தை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அண்ணன்மார் அங்கே நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

தொடங்கும் வயது ஏன் முக்கியம் என்றும் சொல்கிறேன். மூளை இருபது வயது கடந்தும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அவசரத்தை அடக்கும் பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. அமெரிக்காவில் 1997 இல் வந்த பெரிய ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 வீதமானோர் வாழ்க்கையில் எப்போதாவது குடிக்கு அடிமைப்பட்டிருந்தார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் அது 10 வீதமளவில்தான் இருந்தது. இந்த எண்ணைக் கூட்டங்களில் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். முந்தித் தொடங்குகிற பிள்ளைகளின் வீட்டில் ஏற்கனவே குடியும் சண்டையும் வறுமையும் இருந்திருக்கலாம், அடிமைத்தனத்துக்கு அவையும் காரணமாகியிருக்கலாம். ஆகவே முந்தித் தொடங்குவதே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தொடக்கத்தைத் தள்ளிப்போடுவதால் நட்டம் ஒன்றுமில்லை. பதினைந்தில் தொடங்க வேண்டியவன் பத்தொன்பதில் தொடங்கினால் அதுவே எனக்கு வெற்றி. கடையைத் தூரத்தில் வைப்பதன் உண்மையான பலனும் அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவனை ஆயுள் முழுக்கக் குடிக்காமல் வைக்க அதனால் முடியாது, சில வருடங்களை அவனுக்கு வாங்கிக்கொடுக்க முடியும்.

உங்கள் கணவர் சொல்கிற வளர்ப்புக்கு வருகிறேன். அவர் பாதி சரி. வளர்ப்பு பெரியது. ஆனால் வளர்ப்பு என்றால் என்ன என்பதில் நம்மவர்களிடம் இரண்டு பிழையான எண்ணம் உண்டு. ஒன்று, அடித்து வளர்த்தால் போதும் என்பது. மற்றது, "வெளியில் போய்க் குடிக்கிறதைவிட வீட்டில் எனக்கு முன்னால் கொஞ்சம் குடிக்கட்டும்" என்பது. இந்த இரண்டாவதை அவுஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1,927 பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஆறு வருடங்கள் பின்தொடர்ந்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் ஊற்றிக் கொடுத்ததால் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்று காட்டியது. அப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அடுத்த வருடம் வேறு இடங்களிலும் வாங்கத் தொடங்குவதுதான் கூடியது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஒரு கேள்வியை வைத்து ஒரு வீட்டை எடைபோட எனக்கு உரிமையும் இல்லை. கணவர் எப்போதாவது எடுப்பவர் என்றால் மூன்று விஷயத்தை மட்டும் அவரிடம் கேளுங்கள்: மகனை வாங்கிவர அனுப்பக்கூடாது, மகனை ஐஸோ கிளாஸோ எடுத்துவைக்கச் சொல்லக்கூடாது, மிச்சப் போத்தலை அவன் அளவு பார்க்கிற இடத்தில் வைக்கக்கூடாது. அவரை முற்றாக விடச்சொல்வது பெரிய சண்டையாகலாம். இந்த மூன்றையும் பெரும்பாலான அப்பாமார் ஏற்றுக்கொள்கிறார்கள், மகனுக்காக என்று கேட்டால்.

மகனோடு பேசும்போது கடையைப் பற்றிப் பேசாதீர்கள், அவனுடைய பின்நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். ரியூசன் ஆறு மணிக்கு விடுகிறது, வீட்டுக்கு வர ஏழரையாகிறது என்றால் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் அவன் யாரோடு இருக்கிறான்? கூட்டாளிகளின் பெயர் தெரியுமா, அவர்களின் அம்மாமார் யாரென்று தெரியுமா? ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்திய மாதம் வெறிக்கக் குடித்தவர்கள் 1998 இல் 42 வீதமாக இருந்து 2016 இல் 5 வீதமாகக் குறைந்தார்கள். அங்கே செய்தது பெரும்பாலும் இதுதான்: பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்து இரவில் பிள்ளைகள் திரிவதற்கு நேரம் குறித்தார்கள், பின்நேரங்களில் விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு காசு செலவழித்தது. மதுவை அரசின் சில கடைகளில் மட்டும் விற்பதையும் வாங்கும் வயது 20 என்பதையும் அவர்கள் கைவிடவில்லை. கடைக் கட்டுப்பாடும் வளர்ப்பும் அங்கே ஒன்றாகவே போயின. நம் ஊர் விளையாட்டுக் கழகங்களில் சுற்றுப்போட்டி வென்ற இரவுக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கழகத்தின் மூத்தவர்கள் "பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர் இருக்கிற இடத்தில் போத்தல் வேண்டாம்" என்று ஒரு தீர்மானம் எடுத்தாலே உங்கள் மகனைப்போலப் பலருக்கு அது உதவும்.

ஒருநாள் மகன் குடித்துவிட்டு வந்தால், அந்த இரவில் விசாரணை வேண்டாம். தனியாக அறையில் விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருங்கள். எழுப்பியும் எழும்பாவிட்டாலோ, மூச்சு மெதுவாக, விட்டுவிட்டு வந்தாலோ, கசிப்புக் குடித்தவனுக்குப் பார்வை மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மானம் பார்க்க வேண்டாம். பேச்சை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம். அது திரும்பத் திரும்ப நடந்தால் மாவட்டத்து ஆதார வைத்தியசாலைகளிலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் உள்ள மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தோடு பேசலாம். பதினைந்து வயதுப் பிள்ளையின் குடிக்குப் பின்னால் வேறு ஏதாவது இருப்பது சாதாரணம். 2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் ஆண்களின் குடி எப்படிக் கூடியது என்பதை அங்கே வேலை செய்த நாங்கள் கண்ணால் கண்டோம். கடை ஒன்றும் அப்போது புதிதாக வந்துவிடவில்லை. மனப்பாரமும் குடிக்குப் போகிற ஒரு வழி.

இனி மகஜர். கையெழுத்து வையுங்கள், ஆனால் நல்ல மகஜராக இருக்க வேண்டும். நான் பார்த்த மகஜர்களில் பல "கலாசாரம் சீரழிகிறது" என்று தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். அதை வாசிக்கிற அதிகாரிக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. அனுமதிப்பத்திரம் கொடுப்பது மதுவரித் திணைக்களம். பாடசாலைக்கும் வணக்கத்தலத்துக்கும் இருக்க வேண்டிய இடைவெளி அதற்குரிய நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே பள்ளிக்கூட வாசலிலிருந்து, முன்பள்ளியிலிருந்து, கோயிலிலிருந்து எத்தனை மீற்றர் என்று அளந்து எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள் எந்த நேரத்தில் அந்தப் பாதையால் போகிறார்கள் என்று அதிபரிடம் கேட்டுச் சேருங்கள். ஊரில் ஏற்கனவே நடக்கிற கள்ள விற்பனையையும் எழுதுங்கள். பிரதேச செயலாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதி போகட்டும். கடைக்கு யார், எந்த அடிப்படையில் சிபாரிசு செய்தார்கள் என்று தெரியாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். 2024 இல் நாடு முழுவதும் கொடுத்த 300க்கும் மேற்பட்ட புது அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்திலேயே வெளிவந்தது. ஆகவே இது இரகசியக் காரியம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

இத்தனையும் செய்தும் கடை திறந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றது, பூட்டும் நேரத்துக்குப் பிறகு விற்றது, ஒருவருக்கே மொத்தமாகக் கால்போத்தல்கள் கொடுத்தது, எல்லாவற்றையும் திகதியோடும் நேரத்தோடும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், ஆண்டு முடிவதற்கு முன் கொடுக்கிற முறைப்பாட்டுக்குக் கனம் இருக்கும். சிறுபிள்ளைகளை வைத்து விற்பித்தாலோ வாங்குவித்தாலோ 1929 க்கு அழைத்துச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குச் சொல்லலாம். இதைத் தனியாக நீங்கள் செய்ய வேண்டாம், மாதர் சங்கத்தின் பெயரிலோ பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரிலோ செய்யுங்கள். சந்தியில் கடை வைத்திருப்பவரோடு ஒரு குடும்பம் தனியாக மோதுவது நல்லதல்ல. மகஜரின் வரைபு கையில் இருந்தால் ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். எங்கே திருத்த வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.